லிம்போசைட் 46: செல்போன்தான் காரணமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பகல் முழுக்க போன், ராத்திரி பன்னிரண்டரை வரை பையர் மெயிலும் வாட்ஸ்அப்பும். நாலு மாதத்தில் நாலு தடவை சளி, காய்ச்சல். எப்போதும் அசதி, முடியும் கொட்டுகிறது. ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் 46 என்று வந்து பக்கத்தில் 'ஹெச்' போட்டிருக்கிறார்கள். செல்போன் கதிர்வீச்சு நோய் எதிர்ப்பு செல்களைச் சிதைக்கிறது, வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள் என்று எங்கள் குடும்ப குரூப்பில் வந்தது. எதிர்வீட்டு மாடியில் டவர் வேறு இருக்கிறது. கணவர் 1,200 ரூபாய்க்கு கதிர்வீச்சு தடுப்பு ஸ்டிக்கர் இரண்டு வாங்கி வந்தார். எட்டு வயது மகனும் போனை விடுவதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம் சகோதரி. வேலையை விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம்.

உங்கள் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்த வெள்ளை அணுக்கள் 5,800. அதில் ஒரு வகையான லிம்போசைட் 46 சதவீதம். லேபில் மெஷினுக்கு மேல்வரம்பு 40 என்று சொல்லி வைத்திருப்பார்கள், அதைத் தாண்டினால் அது 'ஹெச்' என்று அடித்துவிடும். ஆனால் சதவீதம் ஒரு பங்குதான், எண்ணிக்கை இல்லை. 5,800ல் 46 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,668 செல். பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இருக்கலாம், ஆகவே நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். வைரஸ் காய்ச்சல் வந்து போன பத்து இருபது நாளில் இந்தப் பங்கு ஏறுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதே தாளில் முதல் வரியில் ஹீமோகுளோபின் 9.4 என்றும், நாலு வரி தள்ளி எம்.சி.வி. 68 என்றும் இருக்கிறது. அந்த இரண்டையும் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். என் கண் அங்கேதான் நின்றது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

குடும்ப குரூப்பில் வந்த செய்தி முழுப் பொய் இல்லை. மனித நோய் எதிர்ப்பு செல்களை ரத்தத்திலிருந்து பிரித்து, செல்போன் அலைவரிசையில் வைத்து, என்ன ஆகிறது என்று முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்களில் சிலருக்கு மாற்றம் தெரிந்திருக்கிறது. 2005ல் ஸ்டாக்ஹோம் குழு ஒன்று, 915 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்த மனித லிம்போசைட்டுகளில் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கும் விதம் மாறுகிறது, டி.என்.ஏ. பழுது பார்க்கும் புரதம் ஒன்று கூடும் புள்ளிகள் குறைகின்றன என்று எழுதியது. இந்த மாதிரிக் கட்டுரையைத்தான் யாரோ எடுத்து 'சிதைக்கிறது' என்று தலைப்புப் போட்டுச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருடம், 2006ல், ஆஸ்திரியாவில் ஒரு குழு மனித நோய் எதிர்ப்பு செல்களை 1,950 மெகாஹெர்ட்ஸ் அலையில், ஐந்து நிமிடம் கொடுத்து பத்து நிமிடம் நிறுத்தி, இப்படியே எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்தது. அந்தச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்கள், இன்டர்லூக்கின் போன்றவை, கூடுகிறதா குறைகிறதா? கொல்லும் வேலை செய்யும் செல்களின் திறன் மாறுகிறதா? எதிலும் வித்தியாசம் இல்லை. இந்த முடிவு எந்த குரூப்பிலும் சுற்றுவதில்லை.

இதில் ஒரு சோதனை முறையைப் பக்கத்திலிருந்து சொன்னால் உங்களுக்கு விஷயம் புரியும், நானே படிக்கும் காலத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியது. லிம்போசைட் தானாகப் பெருகாது, சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்ப்போம். (ஆமாம், கடையில் வாங்கிச் சமைக்கும் அதே சிவப்பு ராஜ்மாதான்.) 37 டிகிரியில் மூன்று நாள் வைப்போம். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் இன்னொரு மருந்தைச் சேர்த்து முழுசாகப் பிரியாமல் நிறுத்திவிட்டால், ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கரு பக்கம் பக்கமாக நிற்கும். டி.என்.ஏ. எங்காவது உடைந்திருந்தால், உடைந்த துண்டு பெரிய உட்கருவுக்குள் போகாமல் வெளியே ஒரு குட்டி உருண்டையாகத் தங்கிவிடும். அந்தக் குட்டிகளை ஆயிரம் செல்லில் எண்ண வேண்டும். எந்தக் கதிரும் படாத, நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் சில குட்டிகள் இருக்கும், வயது ஏற ஏற அது கூடும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு புள்ளி குட்டி உட்கருவா, சாயத் துகளா என்று இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வரும். எந்த ஸ்லைடு அலையில் வைத்தது, எது வைக்காதது என்று எண்ணுகிறவருக்குத் தெரிந்தால் கணக்கு தானாகச் சாய்ந்துவிடும். அப்புறம் சூடு. அலை பட்ட குடுவை ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால்கூட செல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதை அலையின் வேலை என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஒரு கட்டுரையில் மாற்றம் வந்தது என்றால் நான் பார்ப்பது ஒன்றுதான்: வேறு ஊரில், வேறு ஆட்கள், அதையே செய்து அதே முடிவு வந்ததா?

பெரும்பாலும் வரவில்லை. இந்தத் துறையில் எல்லோரையும் பயமுறுத்திய ஆராய்ச்சி 1997ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மைக்கேல் ரெப்பாச்சோலி தலைமையில், லிம்போமா எளிதில் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளைத் தினம் அரை மணி நேரம் இரண்டு வேளை, 18 மாதம் வரை 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்தார்கள். அலையில் வைத்த எலிகளில் 43 சதவீதத்துக்கு லிம்போமா வந்தது, வைக்காதவற்றில் 22 சதவீதத்துக்கு. லிம்போமா என்பது நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே லிம்போசைட்டில் வரும் புற்றுநோய். இதைக் கேட்டு யாருக்குத்தான் பயம் வராது? பிறகு 2002ல் அதே ஆஸ்திரேலியாவில் இன்னும் அதிக எலிகளை வைத்து, நாலு வெவ்வேறு அளவுகளில், இரண்டு வருடம் செய்து பார்த்தார்கள். லிம்போமா கூடவில்லை. 2007ல் இத்தாலியில் செய்ததிலும் கூடவில்லை. சோவியத் காலத்தில் எலிகளின் நோய் எதிர்ப்பு சக்தி மாறுகிறது என்று எழுதியிருந்ததை 2000களில் பிரான்ஸிலும் ரஷ்யாவிலும் ஒரே திட்டப்படி திரும்பச் செய்தார்கள். ரஷ்யக் குழு ஓரளவு உறுதியாகிறது என்றது, பிரெஞ்சுக் குழுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2009ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் குழுவும் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருக்கும் ஆராய்ச்சியாளர் விஜயலக்ஷ்மியும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். மனித லிம்போசைட்டுகளை 20 மணி நேரம் 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்துவிட்டு, அப்புறம் டி.என்.ஏ.வை உடைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தால், அலை படாத செல்களைவிட இவற்றில் உடைசல் குறைவாக இருந்தது. அதாவது அலை பட்டது ஒரு பாதுகாப்பு போல! இதை வைத்து 'செல்போன் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று யாராவது ஃபார்வேர்டு செய்தால் அதுவும் தப்பு. குடுவைக்குள் இருக்கும் செல்லில் தெரிவதை அப்படியே உடம்புக்கு எடுத்துக்கொள்ள முடியாது, நல்ல செய்தி என்றாலும் சரி, கெட்ட செய்தி என்றாலும் சரி.

ஏனென்றால் குடுவையில் செல் ஒரே இடத்தில் கிடக்கிறது. உங்கள் உடம்பில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. காதருகே போனை வைத்துப் பேசும்போது அந்தப் பக்கத்து ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட் சில நொடிகளில் கழுத்து வழியாக இறங்கிப் போய்விடும், ஒரு நிமிடத்தில் உடம்பையே சுற்றி வந்துவிடும். தவிர, லிம்போசைட்டுகளில் பெரும்பகுதி ரத்தத்திலேயே இருப்பதில்லை, மண்ணீரலிலும் நெறிகட்டும் இடங்களான நிணநீர்க் கணுக்களிலும் குடலோரத்திலும் இருக்கின்றன. கழுத்தில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள் போனுக்குப் பக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அங்கே படும் அலையின் சக்தி திசுவை அதிகபட்சம் ஒரு டிகிரியில் சின்னப் பங்கு அளவுக்குத்தான் சூடாக்கும். நீண்ட நேரம் பேசிய பிறகு காது கொதிப்பது பெரும்பாலும் பேட்டரியின் சூடும், காற்றுப் போகாமல் போன் காதை மூடியிருப்பதும்தான்.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்ரேக்கும் கதிர்வீச்சு என்கிறோம், கல்பாக்கத்துக்கும் கதிர்வீச்சு என்கிறோம், செல்போனுக்கும் அதே சொல். அந்தச் சொல்லைக் கேட்டதுமே வயிற்றைப் பிசைகிறது. அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் படும் அனலும், டியூப் லைட் வெளிச்சமும்கூடக் கதிர்வீச்சுதான். எக்ஸ்ரே டி.என்.ஏ.வின் பிணைப்பை நேரடியாக உடைக்கும் சக்தி கொண்டது. செல்போன் அலையில் ஒரு துகளுக்கு இருக்கும் சக்தி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் துகளில் இருப்பதைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. அதனால் அது உடைக்காது, சூடுபடுத்தத்தான் முடியும். வேறு ஏதாவது மறைமுக வழி இருக்குமா என்றுதான் இத்தனை ஆராய்ச்சியும். செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த சிதைவு கூடுகிறதா என்று பல வருடத்து ஆய்வுகளை உலக சுகாதார நிறுவனம் கேட்டு 2024ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்வுகளின் தரம் போதவில்லை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் அதில் வந்தது.

மனிதர்களிடம் பார்த்தது என்ன என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். டென்மார்க்கில் 1982க்கும் 1995க்கும் இடையில் போன் வாங்கிய 4,20,000 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்துப் போன்கள் இப்போது இருப்பதைவிட அதிக சக்தியோடு அலை அனுப்பியவை. வெள்ளை அணுக்களில் வரும் ரத்தப் புற்றுநோய் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடவில்லை. 2024ல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த இன்னொரு தொகுப்பில் 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மூளைப் புற்றுநோய்க்கும் போனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றார்கள், டவருக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2011ல் லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அலைகளை 'புற்றுநோய் வரவழைக்கும் சாத்தியம் உண்டு' என்ற 2பி பிரிவில் வைத்தது, இன்றும் அதில்தான் இருக்கிறது. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2018ல் முடிந்த ஆய்வில், தினம் ஒன்பது மணி நேரம் இரண்டு வருடம் உடம்பு முழுக்க அலை வாங்கிய ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டி அதிகமாக வந்தது. அதே ஆண் எலிகள் அலை வாங்காதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன. இது எதற்கு என்று விளக்கம் கிடைக்கும் வரை ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும், நான் அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு டவர் பற்றி. ஆன்டெனா அலையை டார்ச் மாதிரி நேராக முன்னால் அடிக்கிறது, கொஞ்சம் மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்து. தூரம் போகப் போக மளமளவென்று குறைந்துவிடும். நேர் கீழே இருக்கும் வீட்டில் குறைவாகவே இருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் உங்கள் போன் குறைந்த சக்தியில் பேசும், சிக்னல் கிடைக்காத இடத்தில்தான் அது முழு மூச்சாக அலை அனுப்பும். உடம்பில் அதிகம் ஏறுவது டவரிலிருந்து இல்லை, காதில் ஒட்டி வைத்திருக்கும் போனிலிருந்து. மனது கேட்கவில்லை என்றால் மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் அந்த டவர் விதிக்கு உட்பட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம், கட்டணம் கட்டி அளந்து காட்டவும் கேட்கலாம்.

ஸ்டிக்கர் வேண்டாம். கணவர் அக்கறையில்தான் வாங்கியிருக்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள், ஆனால் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் வேலையே செய்யாது. பாதி தடுத்தால் போன் டவரை எட்ட இன்னும் கூட்டி அனுப்பும். இந்தியாவில் போன்களுக்கு வரம்பு ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட், 2012லிருந்து இதுதான். உங்கள் போனில் *#07# அடித்தால் அதன் அளவு திரையில் வரும். குறைக்க வேண்டும் என்றால் செலவே இல்லாத வழி இருக்கிறது: ஸ்பீக்கரிலோ ஒயர் வைத்த இயர்போனிலோ பேசுங்கள். ஒரு சாண் தள்ளினாலே நிறையக் குறைகிறது. லிஃப்டிலும் சிக்னல் ஒரு கட்டை மட்டும் காட்டும் இடத்திலும் நீண்ட பேச்சு வேண்டாம்.

மகன் போனை வைத்துக்கொண்டு விளையாடும்போது அது கையில் இருக்கிறது, தலையில் இல்லை. வீடியோவை இறக்கி வைத்து ஃபிளைட் மோடில் போட்டுக் கொடுத்தால் அலையே இல்லை. ஆனாலும் எட்டு வயதுப் பையனுக்கு மாலையில் வெளியே ஓடி விளையாடுவது வேண்டும், ஒன்பதரைக்குத் தூங்க வேண்டும், அந்தக் காரணத்துக்காகப் போனை வாங்கி வையுங்கள். உங்கள் சளிக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பு இருக்கலாம். பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம், அதில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குத்தான் முதலில் கொடுக்கும்.

சரி, போன் உங்கள் நோய் எதிர்ப்பு சக்தியைத் தொடவே இல்லையா என்றால், தொடுகிறது என்றுதான் நினைக்கிறேன், வேறு வழியாக. பன்னிரண்டரைக்குப் போனை வைத்து, காலை ஐந்தரைக்கு டிபன் பாக்ஸ் கட்ட எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். 2002ல் சிகாகோவில் ஆறு இரவு தொடர்ந்து நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். பத்தாம் நாள் அவர்களுக்கு வந்த எதிர்ப்பொருள், நன்றாகத் தூங்கியவர்களுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. 2015ல் அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தபோது, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது. ஜெர்மனிக்காரருக்கு மாலை ஆறு மணி என்றால் திருப்பூரில் நமக்கு ராத்திரி ஒன்பதரை, பத்தரை, அமெரிக்கப் பையர் என்றால் இன்னும் மோசம், தெரியும். ஆனாலும் ஷிப்மென்ட் வாரம் தவிர மற்ற நாளில் பத்தரைக்கு மேல் வருவதைக் காலையில் பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

இப்போது வட்டம் போட்ட இரண்டு எண்கள். உங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும், 9.4 இருக்கிறது. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் அளவு, 80க்கு மேல் இருக்க வேண்டும், 68 இருக்கிறது. ஸ்லைடில் பார்த்தால் உங்கள் சிவப்பணுக்கள் பக்கத்தில் இருக்கும் லிம்போசைட்டின் உட்கருவைவிடச் சின்னதாக, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் ஒரு வளையம் போலச் சிவப்பாகத் தெரியும். இது அநேகமாக இரும்புச்சத்துக் குறைவு. உங்கள் அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் இதுவே போதுமான காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு இருப்பதாலோ என்னவோ யாரும் அதைப் பார்ப்பதே இல்லை, உங்கள் வீட்டில் எல்லோரும் லிம்போசைட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், முதல் வரியை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

நோய் எதிர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கிருமியைக் கண்ட லிம்போசைட் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருக ஆரம்பிக்கும்போது, இரும்பைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைத் தன் மேற்பரப்பில் நிறைய வெளியே நீட்டும். இரும்பு இல்லாமல் அது பெருக முடியாது. நாலு சளிக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் சரிசெய்ய முடிந்தது இதுதான்.

பக்கத்தில் உள்ள டாக்டரிடம் போய், உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே தைராய்டும், மூன்று மாத சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1.சி.யும். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பு மாத்திரை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும், பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. ஃபெரிட்டின் சரியாக இருந்து எம்.சி.வி. மட்டும் குறைவாக இருந்தால், பிறவியிலேயே வரும் தலசீமியா கூறு இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு எத்தனை நாள், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இரும்பு எங்கே போகிறது என்று தெரியாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் திரும்பவும் இறங்கிவிடும்.

லிம்போசைட்டை ஆறு வாரம் கழித்து, சளி இல்லாத நேரத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். அது 5,000க்கு மேல் தொடர்ந்து நின்றாலோ, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை இறங்குவது, ராத்திரி துணி நனைய வியர்ப்பது இதில் ஏதாவது இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் அனுப்புங்கள், இந்தத் தடவை மாதவிடாய் விவரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.